டிரைவைப் பூஜ்யத்தில் வை
1970களின் கடைசியில் ஜப்பானின் நிஷின் ஓன்பா நிறுவனத்தில் சுசுமு தமுரா என்ற பொறியாளர் வடிவமைத்தது, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே காலால் மிதிக்கிற அந்தச் சின்னப் பச்சைப் பெட்டி. ஐபனேஸ் முத்திரையோடு, ட்யூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808 என்ற பெயரில் கடல் தாண்டியது. வால்வு ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்தால் வருகிற இதமான கரகரப்பை, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராத அளவில் கொடுப்பதுதான் அதற்கு இட்ட வேலை. கரகரப்புக்கு டிரைவ், தொனிக்கு டோன், சத்தத்துக்கு லெவல் என்று மூன்றே திருகுகள்.

முதலில் அதற்குப் பேர் வாங்கித் தந்தது ப்ளூஸ். டெக்சாஸின் ஸ்டீவி ரே வான் காலடியில் அடுத்தடுத்த மாடல்களாக அது கிடந்தது. 1982இல் டிஎஸ்9 வந்தது. பிறகு பழைய 808க்கு விலை ஏறிக்கொண்டே போனதால், 2004இல் அதையே திரும்பத் தயாரிக்க ஆரம்பித்தார்கள்.

மெட்டல்காரர்கள் கையில் அது மாட்டியதுதான் விசித்திரம். மெட்டாலிக்காவின் கர்க் ஹாமெட் சோலோவுக்கு அதை மிதித்தார் என்பதில் புதுமை இல்லை. அன்றைய ஆம்புகளுக்கு அந்த உந்துதல் தேவைப்பட்டது. ஆனால் 1990களில் வந்த பீவி 5150, மெசா பூகி ரெக்டிஃபையர் போன்ற ஆம்புகளில் டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு, வேண்டிய மட்டும் கொட்டிக் கிடந்தது. அப்புறமும் முன்னால் இந்தப் பெட்டி எதற்கு?

காரணம் கீழ்க்கம்பி. ஆறாவது கம்பியின் ஈ சுமார் 82 ஹெர்ட்ஸ். அந்தக் கனம் அப்படியே ஆம்புக்குள் போய் நொறுங்கினால் ஒரே குழகுழப்பு. உள்ளங்கையால் அமுக்கி அடிக்கிற ஒவ்வொரு அடியும் அடுத்ததோடு ஒட்டிக்கொள்ளும். தமுராவின் சர்க்யூட்டோ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகவே பெருக்கும். டிரைவைப் பூஜ்யத்தில் வைத்தாலும் மேலே உள்ள சுரங்கள் பத்து மடங்குக்கு மேல் பெருகும். கீழ்ச்சுரங்கள் ஏறக்குறைய இருந்த அளவிலேயே நிற்கும். ப்ளூஸ்காரர்கள் குறை என்று முணுமுணுத்த அந்த பாஸ் இழப்புதான் மெட்டலுக்கு வேண்டியிருந்தது. ஆகவே டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசாக, டோன் நடுவில். கரகரப்புக்காகப் பிறந்த பெட்டி, அதிகம் கரகரக்காமல் வேலை பார்க்கிறது!

லீட் வாசிக்கும்போது டிரைவைக் கொஞ்சம் ஏற்றலாம். சுரம் நீண்டு நிற்கும். அதற்கு ஈடாக ஆம்பின் கெய்னை, அதாவது அதன் கரகரப்பு அளவை, குறைக்க வேண்டும். இரண்டையும் ஏற்றினால் கிடைப்பது இரைச்சல்தான். சோலோ காதில் விழ நடு அதிர்வெண்களும் வேண்டும். ஆம்பில் அந்த மிட்டைக் குடைந்தெடுத்துவிட்டு, சோலோ காதில் விழவில்லை என்று வால்யூமைத் திருகுகிறவர்களை என்ன சொல்ல? தனி அறையில் கம்பீரமாகக் கேட்ட டோன், டிரம்மும் பாஸும் சேர்ந்ததும் காணாமல் போவது அதனால்தான்.

இப்போது அந்தப் பெட்டி மென்பொருளாகக் கணினிக்குள்ளும் போய்விட்டது. இன்னொரு பக்கம், ஒலியைப் பெருக்கும் அசல் 4558 சில்லுள்ள பழைய 808ஐத் தேடிப் பணம் கொட்டுகிறார்கள். ப்ளூஸ் வாசிப்பவருக்கு அதில் நியாயம் இருக்கலாம். டிரைவைப் பூஜ்யத்தில் வைத்து 5150க்கு முன்னால் செருகப்போகிறவருக்கு, சாதாரண நகலே போதும்.