கத்தியும் தூய்மையும்

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் ஓர் அரிய காட்சியைத் தருகிறார். மறவரின் மார்புப் புண்ணை நீண்ட ஊசி கொண்டு தைக்கிறார்கள். ஊசி தசையுள் மூழ்கி எழுவது, மீனைத் தேடிக் குளத்தில் பாய்ந்தெழும் சிரற்பறவையை ஒத்ததாம். இவ்வுவமையை வகுப்பில் நயம்பட எடுத்துரைக்கும் நாம், அவ்வூசியை எங்ஙனம் தூய்மை செய்தனர் என்று கேட்பதில்லை. பாட்டிலும் அதற்கு விடையில்லை.

விடையின் ஒரு பகுதி வடமொழிச் சுசுருத சங்கிதையிற் கிடைக்கிறது. கூரற்ற கருவிகள் 101, கூரிய கருவிகள் 20 என வகுக்கும் அந்நூல், அவற்றைப் பேணும் முறையையும் கூறுகிறது. அலகை உளுந்தின் நிறமுடைய வழவழப்பான கல்லில் தீட்டவேண்டும். அது மயிரை அறுக்கவேண்டும். முனை மழுங்காதிருக்க இலவமரப் பலகையைப் பயன்படுத்த வேண்டும். புண்பட்டோனுக்கு வெண்கடுகு, வேப்பிலை முதலியன கொண்டு புகையிடவும் சொல்கிறது. இவற்றைக் காட்டிக் கிருமி நீக்கத்தையும் நம் முன்னோரே கண்டனர் என மேடையில் முழங்குவோர் உளர். அது மிகை. அப்புகை தீய ஆவிகளை விரட்டுதற்கென்றே கூறப்பட்டது.

ஆயினும் கைத்திறனில் ஐயமில்லை. 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார் கவாஸ்ஜி என்னும் வண்டியோட்டி. புனே அருகில் செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர், மெழுகால் அளவெடுத்து, நெற்றித் தோலை அறுத்துத் திருப்பி அவருக்கு மூக்கமைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் அதனைக் கண்டனர். 1794இல் இலண்டன் இதழொன்று இச்செய்தியை வெளியிட்டது. கார்ப்பியூ என்பார் 1814இல் அங்கு அம்முறையைச் செய்து காட்டினார். நோயாளியின் பெயர் நிலைத்தது. செய்தவர் பெயரை அவ்விதழ் குறிக்கவில்லை!

அந்தத் தோல், புருவ இடையில் உடலோடு ஒட்டியே இருந்தமையால் குருதி பெற்றுப் பிழைத்தது. முற்றிலும் சீவியெடுத்த தோலோ அத்தகையதன்று. 1869இல் பாரிசில் ரெவெர்தென் சிறுசிறு தோல் துணுக்குகளைப் புண்ணில் பதித்தார். புதுக் குருதிநாளங்கள் வந்து சேருமுன் சீழ் பிடித்தால் அத்தோல் மடியும். ஆதலின் தோல் ஒட்டுக்குக் கூர்மையோடு தூய்மையும் இன்றியமையாததாயிற்று. லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமில முறையை வெளியிட்டிருந்தார். 1879இல் சாம்பர்லாந்து அழுத்த நீராவிக் கலனை அமைத்தார்.

சுங்கை வேயில் 1972இல் தடையற்ற வாணிப வட்டாரம் எழுமுன் அங்கே பால்மரங்கள் நின்றன. மரம் சீவியவர்க்கு இக்கலையின் நுட்பம் எளிதில் விளங்கும். பட்டைக்கு அடியிலுள்ள வளர்படையைக் காயப்படுத்தாது மெல்லிதாகச் சீவினால் பட்டை மீண்டும் வளரும். மருத்துவரும் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் கனமே சீவி, அடித்தோலை விட்டுவைக்கிறார். அவ்விடம் தானே ஆறுகிறது. அதற்கான ஹம்பி கத்தியில் கனத்தை அளவிட ஓர் உருளை உண்டு.

அந்த உருளையின் இடுக்கில்தான் குருதி தங்கும். உலர்ந்த குருதியின் அடியிலுள்ள கிருமியை நீராவி எட்டாது. ஆகவே அலகை முதலில் இடுக்கியாற் கழற்றித் துளைபடாத பெட்டியில் இடுகின்றனர். பின் கத்தியைப் பிரித்துக் குளிர்நீரிற் கழுவித் தூரிகையால் தேய்க்கின்றனர். எடுத்த எடுப்பில் வெந்நீர் பட்டால் குருதி உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதன் பின்னரே 121 பாகை வெப்பத்தில் 15 நிமிட நீராவி. கொதிநீரில் கூர்மை கெடுகிறதே என்று முன்னாளில் அலகுகளை மருந்துநீரில் ஊறவைத்த தொல்லை, ஒருமுறை மட்டும் பயன்படும் அலகுகள் வந்தபின் நீங்கியது. இன்று கூரிய கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதையும் தவிர்த்து, தட்டில் வைத்தே நீட்டுகின்றனர்.