துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்தவர்

உக்கடத்தை அடுத்துக் கோட்டைமேடு என்றோர் இடம் உண்டு. இன்று அங்கே கோட்டை இல்லை, பெயர்தான் எஞ்சியுள்ளது. 1791-இல் திப்புவின் படை அக்கோட்டையை முற்றுகையிட்டுக் கும்பினியாரிடமிருந்து கைப்பற்றியது. அக்காலத்துச் சிப்பாயின் துப்பாக்கியை எண்ணிப் பாருங்கள். குழலின் உட்புறம் வழவழப்பானது. குண்டோ ஈய உருண்டை. நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்துவது பெரும்பாலும் தற்செயலே. ஏன் அப்படி? இதற்கு விடை கண்டவர் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் கடலூரில் காலமாகிவிட்டார்!

அவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், 1707-இல் பிறந்தவர். கண்ணுக்குப் புலப்படாமல் பறக்கும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மேல் சுட்டார். குண்டு கட்டையில் புதைந்தது. கட்டை பின்னோக்கி ஆடிற்று. குண்டைப்போல் கட்டை 700 மடங்கு எடையுள்ளது என்று கொள்ளுங்கள். மொத்த உந்தம் மாறாது. ஆகவே வேகம் ஏறத்தாழ 700-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்த ஆட்டத்தின் வீச்சை ஒரு நாடாவைக் கொண்டே அளந்துவிடலாம். இதைவிட எளிய கருவி வேண்டுமா?

ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டபோது, காற்று குண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதும் வெளியாயிற்று. விநாடிக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் செல்லும் முக்கால் அங்குல ஈயக்குண்டின்மீது காற்றுத்தடை, குண்டின் எடையைப்போல் ஏறக்குறைய 120 மடங்கு! 1742-இல் வெளிவந்த இவருடைய நூலைக் கணித மேதை ஆய்லரே 1745-இல் ஜெர்மனில் விளக்கவுரையுடன் வெளியிட்டார்.

குண்டு பக்கவாட்டில் விலகுவானேன்? துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்புறம் சற்றே வளைத்துச் சுட்டார் ராபின்ஸ். இடப்புறம் கிளம்பிய குண்டு, போகப்போக வலப்புறம் திரும்பிற்று. குழலில் உரசிய குண்டு தற்சுழற்சி பெறுகிறது. அச்சுழற்சியே அதைத் திசை திருப்புகிறது. சுழற்சி தாறுமாறாக இருந்தால் கேடு. பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு சுழன்றால் நன்மை. ரைபிள் குழலின் உட்புறம் திருகுபோல் வெட்டிய வரிப்பள்ளங்கள் இதைத்தான் செய்கின்றன. அமெரிக்கப் பண்ணைகளில் வளை தோண்டும் 'கிரவுண்ட்ஹாக்' என்னும் கொறிவிலங்கைச் சில நூறு கெஜத்திலிருந்து சுடும் வேட்டைக்காரர்கள், தோட்டாவுக்கு வேண்டிய மருந்தைத் தாமே நிறுத்து அடைப்பார்கள். வேகம், காற்றுத்தடை, சுழற்சி மூன்றுமே அவர்கள் கணக்கிலும் வருகின்றன.

ரைபிளைக் கைக்கொள்ளும் நாட்டுக்கே வெற்றி என்று 1747-இலேயே ராபின்ஸ் கூறினார். பின்னர் கும்பினியின் தலைமைப் பொறியாளராக, இங்குள்ள கோட்டைகளை வலுப்படுத்த வந்தார். கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 44.

அவர் சொல்லைப் படைத்தலைவர்கள் உடனே ஏற்கவில்லை. அவர்கள் தயங்கியதற்கும் காரணம் இருந்தது: வரிப்பள்ளங்களில் இறுகப் பொருந்தும் குண்டை வாய்வழியே இடித்து இறக்கவேண்டும், அதற்குள் எதிரி நெருங்கிவிடுவான். பிரிட்டிஷ் காலாட்படையினர் கைகளில் ரைபிள் பரவலாக வந்தது 1850-களில்தான்.