கால்புரொடெக்டின்

குடல் அழற்சி நோயின்போது பெருங்குடல் திசுவில் அளவு மிகும் புரதங்களுள் மருத்துவருக்கு அதிகம் பயன்படுவது கால்புரொடெக்டின். இதன் பெரும்பகுதி பெருங்குடலில் உற்பத்தியாவதன்று. புண்பட்ட இடத்துக்கு இரத்தத்திலிருந்து விரையும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கொண்டுவருவது. அவை குடற்சுவரைக் கடந்து சிதையும்போது புரதம் மலத்தில் கலக்கிறது.

குடல் அழற்சி நோயின் ஒரு வகையான பெருங்குடல் புண் அழற்சியைச் சாமுவேல் வில்க்ஸ் 1859இல் விவரித்தார். மற்றொரு வகையான குரோன் நோய் பற்றிய கட்டுரை 1932இல் வெளிவந்தது. ஆனால் அழற்சியின் கடுமையை அளப்பது நெடுங்காலம் பெரும்பாடாகவே இருந்தது. 1980களில்கூட நோயாளியின் வெள்ளணுக்களைப் பிரித்து, கதிரியக்க இண்டியம்-111 ஏற்றி, திரும்ப உடலில் செலுத்தி, நான்கு நாள் மலத்தைச் சேகரித்து அளக்க வேண்டியிருந்தது.

அதற்கான எளிய வழி நார்வேயிலிருந்து வந்தது. மாக்னே ஃபாகர்ஹோல் குழுவினர் 1980இல் வெள்ளணுக்களிலிருந்து இப்புரதத்தைப் பிரித்தெடுத்து எல்1 என்று குறித்தனர். நியூட்ரோஃபிலின் செல்சாற்றில் கரைந்துள்ள புரதத்தில் ஏறத்தாழ பாதி இதுவே. எஸ்100ஏ8, எஸ்100ஏ9 என்னும் இரு கூறுகள் இணைந்த இது, கால்சியத்தோடு பிணைவதுடன் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கவர்ந்துகொள்கிறது. அந்த உலோகங்கள் கிடைக்காத கிருமிகள் பெருக முடியாமல் தவிக்கின்றன. இக்கிருமி எதிர்ப்புத் தன்மை தெரிந்தபின் 1990இல் இன்றைய பெயர் அமைந்தது. இருந்தும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா தனக்கென வலுவான துத்தநாகக் கடத்தியை வைத்துக்கொண்டு, அழற்சியுற்ற குடலிலேயே செழிக்கிறது.

1992இல் ரோசத், ஃபாகர்ஹோல் முதலியோர் மலத்தில் இதை அளக்கும் முறையை வெளியிட்டனர். குடல் பாக்டீரியாக்களின் நொதிகளால் எளிதில் சிதையாமல், அறை வெப்பத்தில் பல நாள் நிலைப்பதுதான் இப்புரதத்தின் தனிச்சிறப்பு. வீட்டில் எடுத்த சிறு மாதிரியே போதும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், குடல் அழற்சி நோயை எரிச்சல் குடல் நோயிலிருந்து பிரித்தறிய இச்சோதனையை 2013இல் பரிந்துரைத்தது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துக் கொலனோஸ்கோப்பி செய்வதைப் பல நேரம் தவிர்க்க முடிந்தது இதன் மிகப் பெரிய பயன்.

ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழிருந்தால் பொதுவாக இயல்பு எனக் கொள்வர். சிகிச்சையின்போது 250ஐத் தாண்டினால், அழற்சி அடங்கவில்லையோ என்று ஐயுறுவர். தொற்று, பெருங்குடல் புற்றுநோய், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் ஆகியவற்றாலும் இந்த அளவு உயரக்கூடும்; எனவே நோயை உறுதிசெய்யக் கொலனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் இன்றும் தேவைப்படுகின்றன.