கையுறைக்குள் ஒரு கை

சீட்டு வித்தை பழகுகிறவர்கள் முதலில் வாங்குவது தந்திரச் சீட்டுக்கட்டு. ஒன்றுவிட்டு ஒரு சீட்டை மயிரிழை குட்டையாக வெட்டியிருப்பார்கள். பாதி வித்தையைக் கட்டே செய்துவிடும். சாதாரணக் கட்டும் வெறும் விரலுமாகக் கைவித்தைக்கு வர வருடங்கள் ஆகும். விரல்நுனிதான் அங்கே எல்லாம்.

அந்த விரல்நுனியை ஒருத்தி மூடிக்கொள்ள நேர்ந்தது. 1905இல் லண்டனில் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் பெண்களைச் சேர்த்ததில்லை. வித்தைக்காரி ஜென்னி வின்ஸ்டன்லி பழக்கிவிட, நடிகை சோஃபி லாயிட் விக்கும் பொய் உடம்புமாக ரேமண்ட் லாயிட் என்ற இளைஞனாகி, 1991 மார்ச்சில் அதன் தேர்வில் தேறினார். பெண் கை காட்டிக்கொடுத்துவிடும் என்று கையுறை. கையுறையோடு கைவித்தை!

அதே ஆண்டு பெண்களுக்குக் கதவு திறந்தது. உண்மையைச் சொன்ன சோஃபியை, ஏமாற்றிச் சேர்ந்ததாகச் சொல்லி நீக்கினார்கள். ஏமாற்றத் தெரிகிறதா என்பதுதானே அங்கே தேர்வு? 2025இல் மன்னிப்புக் கேட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். பார்க்க வின்ஸ்டன்லி உயிரோடு இல்லை.