குருவானவர் இல்லாத 29 ஆண்டுகள்



2020-ஆம் ஆண்டின் புனித வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா பொதுமுடக்கக் காலம். எங்கள் திருத்தணியில் மலைக்கோயிலின் 365 படிகளிலும் ஆளில்லை. ஆந்திரா பக்கம் போகும் சாலையில் வண்டியில்லை. எங்கள் சிறிய ஆலயத்தின் கதவையும் சாத்தினோம். ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று வெறும் இருக்கைகளைப் பார்த்தபடி திருப்பலி நிறைவேற்றினேன். அன்று மாலை பங்கைச் சேர்ந்த பாட்டி ஒருவர் கைபேசியில் கேட்டார்: "சாமி, கோயில பூட்டிட்டீங்க. ஆண்டவரும் உள்ளயே இருக்காரா, இல்ல எங்க வீட்டுப் பக்கமும் வருவாரா?"

"வருவார் பாட்டி" என்று உடனே சொன்னேன். இறையியல் படித்தவன் அல்லவா, பதில் கைவசம் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாம் சில மாதங்கள் சந்தித்த இந்தச் சோதனையை, கடலுக்கு அப்பால் நம் தமிழ்க் கத்தோலிக்கர் 29 ஆண்டுகள் சந்தித்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்று சிந்திப்போம்.

1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. ஆலயங்கள் சீர்திருத்த சபையின் கைக்குப் போயின. திருமுழுக்கும் திருமணமும் அங்கேதான் பதிவாக வேண்டும். மாந்தைப் பகுதி மக்கள் அன்னை மரியாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனார்கள் என்பது மரபு. இன்றைய மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுதான்.

அந்த ஆண்டு பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். அது வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்று, 29 வயதாகும்வரை தன் ஊரில் நிலையாகத் தங்கிப் பணிசெய்யும் ஒரு குருவானவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் விசுவாசம் அணையவில்லை. தாய்மார் பிள்ளைகளுக்குச் செபமாலை சொல்லிக்கொடுத்தார்கள். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு செபத்தை நடத்தினார்கள். இரண்டு மூன்று பேர் கூடினாலும் அங்கே தாம் இருப்பதாக ஆண்டவர் சொன்னது அவர்களுக்கு அன்றாட உணவாயிற்று.

1687-இல் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிச்சைக்காரர் வந்து சேர்ந்தார். கோவாவில் 1651-இல் பிறந்த அருள்தந்தை யோசேப் வாஸ் அவர். தூத்துக்குடியிலிருந்து மாறுவேடத்தில் கடல் கடந்தவர், வழியிலேயே கடும் வயிற்றுப்போக்கால் நொடிந்துபோனார். தொற்றுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கினார்கள். ஓர் ஏழைப் பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைப் பிழைக்கவைத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எழுந்து நடக்க முடிந்ததும், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். எந்த வீட்டார் அந்தச் செபமாலையை உற்றுப் பார்க்கிறார்களோ, அது நம்மவர் வீடு என்று கண்டுகொண்டார். பின்பு சில்லாலை ஊரில் தங்கி, இரவில் திருப்பலி நிறைவேற்றினார். அந்தத் திருப்பலிக்காக மக்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். திருப்பலி இல்லாமலே வாழ்ந்து பழகிவிட்டோம், இனி அது எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. காத்திருந்த ஆண்டுகள் பசியைக் கூட்டியிருந்தன.

1689 கிறிஸ்து பிறப்பு இரவில், கூடியிருந்த மக்களை டச்சு வீரர்கள் வளைத்துப் பிடித்தார்கள். தந்தை வாஸ் தப்பினார். சீர்திருத்த சபையிலிருந்து மனம் மாறி வந்திருந்த தோன் பேத்ரோ என்பவர் கசையடிபட்டே உயிர்விட்டார்.

இங்கே நீங்கள் கேட்பீர்கள்: "கடவுள் உடனிருந்தார் என்றால், அவரை ஏன் காப்பாற்றவில்லை?" நியாயமான கேள்விதான். கொரோனாவில் தகப்பனை இழந்த பிள்ளைகளும் என்னிடம் இதையே கேட்டார்கள். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் திருப்பாடல் 23-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். பசும்புல்லும் அமைதியான நீரும் இருக்கும் இடத்தில் ஆயரை 'அவர்' என்றே பாடுகிறார் ஆசிரியர். இருள்சூழ்ந்த பள்ளத்தாக்கு வந்தவுடன் அந்த 'அவர்' மறைந்து 'நீர்' என்று மாறிவிடுகிறது. நல்ல நாளில் கடவுளைப் பற்றிப் பேசியவர், கெட்ட நாளில் கடவுளோடு பேசுகிறார். பள்ளத்தாக்கே இராது என்று அந்தப் பாடல் வாக்குக் கொடுக்கவில்லை. உள்ளே தனியாக நடக்கமாட்டாய் என்றுதான் சொல்கிறது.

தந்தை வாஸ் அந்தப் பள்ளத்தாக்கில் தொடர்ந்து நடந்தார். 1692-இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கீசிய ஒற்றர் என்று சிறையில் அடைத்தார்கள். சிறையிலேயே சிங்களம் கற்றார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, வீட்டாரே கைவிட்ட நோயாளிகளைத் தேடிப்போய்க் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். புத்த சமயத்தாரா, கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. தமக்குக் கஞ்சி தந்த அந்தப் பெண்ணின் கையில் அவர் யாரைக் கண்டார் என்பது இதிலிருந்து தெரியவில்லையா? 1711 சனவரி 16-இல் கண்டியிலேயே இறந்தார். 2015 சனவரி 14-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடு அன்னையிடம் போனார். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அங்கே காத்திருந்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, இன்று நம் ஆலயக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் உங்களில் சிலருடைய வீட்டில் கதவு சாத்தியே இருக்கிறது: கடன், தீராத நோய், வேலையில்லாத மகன், பேசாத மருமகள். இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். இரவில் பத்து நிமிடம் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வீட்டார் எல்லாரும் அமர்ந்து செபியுங்கள். பிறகு, யாரும் எட்டிப்பார்க்காத ஒரு நோயாளியின் வீட்டுக்கு, எந்தச் சமயத்தவராயினும் சரி, ஒரு பாத்திரத்தில் கஞ்சியோ குழம்போ கொண்டுபோங்கள்.

அந்தப் பாட்டிக்கு இப்போது என் பதிலைத் திருத்திச் சொல்கிறேன்: ஆண்டவர் உங்கள் வீட்டுப் பக்கம் வருவார், பாட்டி. சில சமயம் நம்மில் ஒருவருடைய காலால் நடந்து வருவார்.

'கடவுள் நம்மோடு' என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய இம்மானுவேல் ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.