கடன் வாங்கிய வாள்

1379ஆம் ஆண்டு கோடைக்காலம். காஸ்தீல் நாட்டுப் புர்கோஸ் நகரில் முதலாம் ஹுவானுக்கு முடிசூட்டு விழா. புது ராஜாவின் தயவைப் பெற ஸ்பெயினின் பல ஊர்களிலிருந்தும் யூதப் பெருந்தனக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் சிலர் ஒரு மனு கொடுத்தார்கள்: எங்களுக்குள் ஒரு மல்சின் இருக்கிறான், எங்கள் சட்டப்படி அவனைக் கொல்லலாம், தண்டனையை நிறைவேற்ற உங்கள் சேவகனுக்கு உத்தரவு வேண்டும். ஆள் பெயரைச் சொல்லவில்லை. உத்தரவு கிடைத்துவிட்டது.

சொந்த ஜனத்தை அயலார் ஆட்சியிடம் காட்டிக்கொடுப்பவன்தான் மல்சின். யூதச் சட்ட நூலான தல்மூத் அவனை மோசேர் என்கிறது. ரோமானியரோ பாரசீகரோ, நீதி கிடைக்காத ஆட்சியின் கீழ் பிழைத்தவர்களின் சட்டம் இது. சில்லறைத் திருட்டுக்குத் தலை போகும், ஒருவன் மேல் சொன்ன புகாருக்குத் தெருவே சூறையாடப்படும் என்றால், புகார் சொல்வதே கொலைக்குச் சமம். ஆனாலும் தல்மூதுக்குள் ஒரே குரல் இல்லை. ரபி எலாசர் பென் ஷிமோன் ரோம அரசுக்காகத் திருடர்களைப் பிடித்துத் தந்தார். இன்னொரு ரபி அவரைக் கடிந்துகொண்டபோது, தோட்டத்து முள்ளைத்தான் களைகிறேன் என்று வாதாடினார். அந்த வேலையைத் தோட்டத்தின் சொந்தக்காரனே, அதாவது கடவுளே, பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் இதை இறுக்கிக் கட்டினார்: எச்சரித்தும் கேட்காமல் காட்டிக்கொடுக்கக் கிளம்புபவனை, அவன் போய்ச் சொல்வதற்கு முன்பே கொல்லலாம். மரண தண்டனை விதிக்கும் உரிமையை எப்போதோ இழந்துவிட்ட யூத மன்றங்களுக்கு இது பெரிய விதிவிலக்கு. ஸ்பெயின் அரசர்களும் அதை அனுமதித்திருந்தார்கள்.

புர்கோஸில் பெயர் சொல்லப்படாத அந்த ஆள் யோசேப் பிச்சோன். செவில்லைச் சேர்ந்தவர், மறைந்த ராஜா இரண்டாம் என்ரீக்கேயின் தலைமைக் கணக்கர். பணக்கார யூதர்கள் சிலர் முன்பு அவர்மேல் ராஜாவிடமே புகார் சொல்லிச் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். 40,000 தோப்லா பொற்காசு அபராதம். கட்டிவிட்டு வெளியே வந்தவர், புகார் சொன்னவர்கள் மேல் பதில் புகார் கொடுத்தார். யார் மல்சின் என்று கேட்டால், இரண்டு தரப்பும்தான். எனக்கு இதில் வேதம் தெரியவில்லை. அரண்மனைப் போட்டிதான் தெரிகிறது.

ஆகஸ்ட் 21, விடியற்காலை. அரசச் சேவகன் ஃபெர்னான் மார்த்தினோடு இருவர் பிச்சோன் வீட்டுக்குப் போனார்கள். கோவேறு கழுதைகளை ஜப்தி செய்ய வந்திருப்பதாகச் சொல்லித் தூங்கியவரை எழுப்பி வரவழைத்தார்கள். வாசலுக்கு வந்ததும் தலை விழுந்தது.

யூதனை ராஜாவின் வாளுக்கு ஒப்படைக்கக் கூடாது என்ற சட்டத்தின் பெயரால், ஒரு யூதனை ராஜாவின் வாளுக்கே ஒப்படைத்திருந்தார்கள். செத்தது அப்பாவின் நம்பிக்கைக்குரிய ஊழியர் என்று தெரிந்ததும் ஹுவான் கொதித்தான். சதியில் இருந்தவர்களுக்கு மரண தண்டனை. மார்த்தினுக்குக் கை போயிற்று. அடுத்த ஆண்டு சோரியாவில் கூடிய கோர்த்தெஸ் சபையில், குற்ற வழக்குகளை விசாரிக்கும் உரிமை யூத மன்றங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. சொத்து, கடன் வழக்குகள் மட்டும் மிஞ்சின.

மன்றத்தின் அதிகாரம் போயிற்றே தவிர மோசேர் சட்டம் ஏட்டில் இருந்தது. பிற்காலத்தில், ரஷ்ய ஜார் ஆட்சியில் நோவோகுரூதோக் ஊர் ரபி யெகியேல் மிகெல் எப்ஸ்டைன், அது கொள்ளைக்கார ஆட்சிகளின் காலத்துக்கு எழுதியது, இன்றைய ஐரோப்பிய அரசர்களுக்குப் பொருந்தாது என்று எழுதினார். ஜாரையும் புகழ்ந்தார். மனதாரச் சொன்னாரா, தணிக்கை அதிகாரிக்காகச் சொன்னாரா என்று ரபிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

சர்ச்சை சும்மா இல்லை, நம் காலத்திலும் அது வீடுகளைத் தொடுகிறது. குழந்தைகளைச் சீரழித்தவன்மேல் போலீசுக்குப் போன குடும்பங்களை மோசேர் என்று ஒதுக்கிவைத்த கதைகள் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்தே வந்தன. குற்றம் நடந்ததற்கான அடையாளம் வலுவாக இருந்தால் அரசிடம் சொல்லலாம் என்று எருசலேமின் ரபி எலியாஷிவ் தீர்ப்புச் சொன்னார். அந்த அடையாளம் வலுவானதா என்பதை முதலில் ஒரு ரபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றது அமெரிக்காவின் அகுதத் இஸ்ரேல் அமைப்பு. தடயம் ஆராயவோ குழந்தையிடம் விசாரிக்கவோ ரபிக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவர்கள் தரப்பு திருப்பிக் கேட்கிறது.

(தொடரும்)