முதுகெலும்பு மூட்டழற்சியில் குருத்தணுச் சிகிச்சைச் சோதனை

அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் முதுகெலும்பு மூட்டழற்சிக்கு ஸ்டெம் செல் எனும் குருத்தணுக்களைச் செலுத்திப் பயன் அறியும் ஆய்வுமுறை. இந்நோய் பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கும். காலையில் இறுகிக் கிடக்கும் முதுகு நடமாடினால் இளகும், ஓய்வெடுத்தால் தணியாது. முற்றிய நிலையில் முள்ளெலும்புகள் ஒட்டிக்கொள்வதால் எக்ஸ்ரே படத்தில் முதுகெலும்பு மூங்கில் கழிபோல் தெரியும். வலிநிவாரணிகளும், டி.என்.எஃப். எனும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் எல்லாருக்கும் பலிப்பதில்லை.

எலும்பு மஜ்ஜை முதலியவற்றிலிருந்து பெறப்படும் மீசன்கைமல் குருத்தணுக்கள் நோயெதிர்ப்பு அணுக்களின் மிகைச் செயலை அடக்கவல்லவை. எதிர்பார்க்கப்படுவது இந்த அடக்கமே. ஒட்டிப்போன எலும்பைப் பிரிப்பதன்று. சீனாவில் குவாங்சோ நகரின் சன் யாட்-சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 31 நோயாளிகளுக்குப் பிறரிடம் பெற்ற அணுக்கள் வாரம் ஒருமுறை வீதம் நான்கு தடவை சிரை வழியாக ஏற்றப்பட்டன. நான்காம் வாரத்தில் 77.4 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. நோயாளி தாமே சொல்லும் வலியைக்கொண்டு பெரிதும் அளக்கப்படும் நோயில் இது சிறு குறையன்று. எலும்பு ஒட்டிக்கொள்ளும் இந்நோயில் நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களைச் செலுத்துவதிலும் சிக்கல் உண்டு; அவை எலும்பாக மாறுவதில் மிகை நாட்டம் காட்டுவதாக ஆய்வுகள் கண்டுள்ளன.